பாட்டோடு படமும் ஏறும் வழி

வீட்டில் கிடக்கும் பழைய சினிமாப் பாட்டு சிடி ஒன்றைக் கணினியில் போடுங்கள். சில நொடிகளில் படத்தின் பெயர், பாட்டுகளின் பெயர், பாடியவர்களின் பெயர் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அவை வட்டிலிருந்து வந்தவை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் பெரும்பாலான சிடிகளில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்காது. 1982இல் கடைக்கு வந்த சிடியில் அதை வடிவமைத்தவர்கள் முக்கியமாக வைத்தது இரண்டுதான்: ஒலி, அந்த ஒலியில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு. பெயரையும் படத்தையும் பெட்டிக்குள் செருகிய அட்டை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் திரையில் வந்த பெயர் எங்கிருந்து வந்தது? இணையத்திலிருந்து. டீ கான் எழுதிய ஒரு சிடி பிளேயர் மென்பொருளில் முளைத்து, ஸ்டீவ் ஷெர்ஃபின் உழைப்பால் வளர்ந்த சிடிடிபி என்ற தகவல்தளம் 1993 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டது. சிடியின் கணக்கில் ஒரு நொடி 75 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பாட்டு எந்தக் கூறில் தொடங்குகிறது, இரண்டாவது எதில், கடைசிப் பாட்டு எதில் முடிகிறது என்று பட்டியல் போட்டால், அந்த எண் வரிசை முழுவதும் இன்னொரு வட்டோடு பொருந்துவது மிக அரிது. அதுவே வட்டின் கைரேகை. யாரோ ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து பெயர்களைத் தட்டச்சு செய்து அந்தக் கைரேகையோடு சேர்த்துவிட்டால், அதே வட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிடும்.

கையடக்க பிளேயருக்குப் பாட்டை ஏற்றும்போது வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. பதிவான ஒலிக்குத் தன் பெயர் தெரியாது, தன் முகமும் தெரியாது. இரண்டையும் பிறகு யாரோ ஒட்டினார்கள். ஒட்டிய இடங்கள் பல. ஒட்டிய விதங்களும் பல. சிங்க் செய்வது என்றால் ஒலியை நகலெடுப்பது என்று நினைக்கிறோம். அந்தப் பகுதி சுலபம். ஒட்டியது உதிராமல் போய்ச் சேர்வதுதான் கடினம்.

எம்பி3இன் கதையும் அப்படித்தான் தொடங்கியது. சிடியில் ஒரு நொடி ஒலிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் பல ஆண்டுகள் உழைத்து, காதுக்குக் கேட்காத பகுதிகளைக் கழித்து அதை 128 கிலோபிட்டுக்குள் அடக்கினார்கள். 1995 ஜூலை 14 அன்று அதற்கு எம்பி3 என்ற கோப்புப் பின்னொட்டைத் தேர்ந்தார்கள். ஒரு எம்பி3 கோப்பு என்பது சின்னச் சின்னச் சட்டங்களின் தொடர். ஒவ்வொரு சட்டத்திலும் 1,152 ஒலி மாதிரிகள், அதாவது ஏறத்தாழ 26 மில்லிநொடி இசை. எந்தச் சட்டத்திலும் பாட்டின் பெயருக்கு இடம் ஒதுக்கவில்லை. ஒலியைச் சுருக்கும் தரநிலையை எழுதியவர்களுக்கு அது தங்கள் வேலையாகவே படவில்லை.

1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட்டைச் சேர்த்தார். ஐடி3 என்ற டேக்கின் பிறப்பு அது. டி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் அடையாளத்துக்கு. பாட்டின் பெயருக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டினால் 128 வரும். வாலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இதைப் பற்றி எதுவும் தெரியாத பழைய மென்பொருள்கூடப் பாட்டு முழுவதையும் ஒழுங்காக வாசித்து முடித்த பிறகுதான் இந்தப் புரியாத பகுதிக்கு வரும். மறு ஆண்டே மைக்கேல் முச்லர் குறிப்புப் பகுதியின் கடைசியில் 2 பைட்டை எடுத்து, ஆல்பத்தில் இது எத்தனையாவது பாட்டு என்பதற்கு இடம் செய்தார்.

30 பைட் என்பது ஆங்கிலத்தில் 30 எழுத்து. தமிழுக்கு அந்தக் கணக்கு செல்லாது. முதல் ஐடி3 மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் மனதில் வைத்தது. அதில் யூனிகோடுத் தமிழை யூடிஎஃப்-8 முறையில் திணித்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகும். மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனியாக எண்ண வேண்டும். ‘நினைத்தாலே இனிக்கும்’ என்ற படப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லில் 10 குறியீடுகள். சரியாக 30 பைட். ‘இனிக்கும்’ நுழைய இடமே இல்லை.

1998இல் ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் நில்சனும் கூட்டாளிகளும் கொண்டுவந்த இரண்டாம் ஐடி3தான் இன்று நாம் பயன்படுத்துவது. பெயர் மட்டும் பழையது, அமைப்பு முழுக்கப் புதிது. டேக் கோப்பின் தலைக்கு வந்தது. இணையத்தில் பாட்டு ஓடை ஓடையாக வரும்போது பெயர் முதலில் வந்துவிட வேண்டும் என்பதற்காக. நீளக் கட்டுப்பாடு போனது. இசையமைப்பாளருக்கு ஒரு பகுதி, பாடலாசிரியருக்கு ஒரு பகுதி, பாடல் வரிகளுக்கு ஒன்று என்று தனித்தனி அறைகள் வந்தன. படத்துக்கும் ஒரு அறை. அதன் நான்கெழுத்துப் பெயர் ஏபிஐசி. அதில் வைக்கும் படம் எந்த வகை என்று 0 முதல் 20 வரை ஒரு எண் இட வேண்டும். முன் அட்டைக்கு 3, பின் அட்டைக்கு 4. பட்டியலில் 17ஆம் எண் ‘பளிச்சென்ற நிறமுள்ள மீன்’ என்பது. தரநிலை ஆவணத்திலேயே இருக்கிறது. நமக்கு வேண்டியது 3. அட்டைப்படம் கோப்புக்குள் இருந்தும் பிளேயரில் தெரியாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். வேறு எண் இட்ட படத்தைக் கண்டுகொள்ளாத பிளேயர்கள் உண்டு.

படம் தலையில் வந்து உட்கார்ந்ததும் ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. எம்பி3 சட்டம் ஒவ்வொன்றும் தொடர்ச்சியாகப் பதினொரு 1களுடன் தொடங்கும். பிளேயர் அந்த அடையாளத்தைத் தேடித்தான் ‘இங்கே ஒலி தொடங்குகிறது’ என்று தெரிந்துகொள்ளும். ஒரு ஜேபெக் படக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தால், வழக்கமாக மூன்றாவது பைட்டில் எட்டு 1கள், நான்காவதின் தொடக்கத்தில் மூன்று 1கள். அதே பதினொன்று. புதிய டேக்கை அறியாத பழைய பிளேயர் அட்டைப்படத்தின் தொடக்கத்தையே இசை என்று எடுத்துக்கொண்டு கரகரவென்று எதையாவது எழுப்பக்கூடும். இதைத் தடுக்க நில்சன் குழு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. டேக்கின் நீளத்தைச் சொல்லும் எண்ணில் ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட் மட்டுமே பயன்படும். எட்டும் 1 ஆவதற்கு வழியே இல்லை. டேக்குக்குள் எங்காவது அந்தப் பதினொரு 1கள் வந்தால் நடுவே ஒரு வெற்று பைட்டைச் செருகிப் பிரித்துவிடலாம். படிக்கும் மென்பொருள் அதை எடுத்துவிட்டுப் படிக்கும். பிறர் எழுதிய பழைய மென்பொருள் தடுமாறக் கூடாது என்று இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் அன்றைய பிளேயர்களுக்குப் படம் எதற்கு? 1998இல் வந்த டைமண்ட் ரியோ பிஎம்பி300இல் நினைவகமே 32 மெகாபைட். 4 நிமிடப் பாட்டு 128 கிலோபிட்டில் 3.84 மெகாபைட் பிடிக்கும். எட்டுப் பாட்டோடு பெட்டி நிறைந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் அரை மெகாபைட் அட்டைப்படம் ஒட்டியிருந்தால் ஒரு பாட்டையே இழக்க வேண்டும், படத்தைக் காட்டக்கூடிய திரையும் கிடையாது. 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமான முதல் ஐபாட் 5 கிகாபைட் வன்தட்டுடன் வந்தது; அதன் திரை 160க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை. 2004 அக்டோபரில் ஐபாட் ஃபோட்டோ 220க்கு 176 பிக்சல் வண்ணத் திரையோடு வந்தபோதுதான் ஐபாடில் பாட்டு ஓடும்போது அட்டைப்படம் தெரியத் தொடங்கியது.

அந்தப் படத்துக்கு அதற்கு முன்பே அறுபது ஆண்டு வரலாறு உண்டு. 1930களில் இசைத்தட்டுகள் பழுப்புக் காகித உறைகளில்தான் விற்றன. கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த இளம் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், இசைத்தட்டுக்குத் தனி ஓவியம் போட்ட அட்டை வேண்டும் என்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். எல்பி இசைத்தட்டின் அட்டை ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் சதுரம். அதன் பின்பக்கத்தில் பாடியவர், எழுதியவர், வாசித்தவர் என்று எல்லோருக்கும் இடம் இருந்தது. சிடியில் அது 12 சென்டிமீட்டராகக் குறுகியது. ஐபாட் ஃபோட்டோவில் பாட்டு ஓடும்போது தெரிந்த படம் 140க்கு 140 பிக்சல். இன்னும் சின்னதாகக் காட்ட வைத்திருந்தது 56க்கு 56.

இந்த எண்கள் ஒரு பொறியியல் முடிவைச் சொல்கின்றன. ஐபாட் படத்தை ஜேபெக்காக வைத்துக்கொள்ளவில்லை. ஐபாடுக்கான கணினி மென்பொருளான ஐடியூன்ஸ் படத்தை விரித்து, தேவையான அளவுகளுக்குச் சுருக்கி, வெறும் பிக்சல்களாக மாற்றி, எல்லா ஆல்பங்களின் படங்களையும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நீளமான கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடும். ஒரு பிக்சலுக்கு 16 பிட்: சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. நம் கண் பச்சையின் ஏற்ற இறக்கத்தை நன்றாகப் பிரித்தறியும் என்பதால் மிச்சமான ஒரு பிட் பச்சைக்குப் போனது. பின்னால் வந்த வீடியோ ஐபாடில் படம் 200க்கு 200. ஒரு படத்துக்கு 80,000 பைட். ஆயிரம் ஆல்பம் என்றாலும் 80 மெகாபைட்தான். எல்லாப் படமும் ஒரே நீளம் என்பதால் 347ஆவது படம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். எடுத்து அப்படியே திரைக்கு அனுப்பிவிடலாம். மெதுவான செயலி, சுழன்றால் மின்கலத்தைத் தின்னும் வன்தட்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு செய்த புத்திசாலித்தனமான ஏற்பாடு அது. விலை என்னவென்றால் 65,536 நிறங்கள்தான். மாலை வானம் போல நிறம் மெல்ல மாறும் அட்டைகளில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்ததற்குக் காரணம் இதுவே.

மற்ற பிளேயர்கள் ஜேபெக்கைத் தாங்களே விரித்தாக வேண்டும். அதற்குள் போனால் நம் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரைச் சந்திக்கிறோம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அப்போது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1972இல் ஒரு கணித மாற்றத்தை ஆராய நிதி கேட்டு அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல், தன் ஆய்வு மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து முடித்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். டிசிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கொசைன் மாற்றம்தான் ஜேபெக்கின் இதயம். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுவார்கள். ஒரு கட்டத்தின் 64 பிக்சல்களையும் 64 அலைவடிவங்களின் கலவையாக எழுதலாம். சமமான ஒரே நிறம் முதல் மிக நெருக்கமான கட்டம்போட்ட வடிவம் வரை. கண்ணுக்கு அவசியமான அகன்ற அலைகளைக் கவனமாக வைத்துக்கொண்டு, நெருக்கமானவற்றைத் தோராயமாக்கினால் பெரும்பாலான எண்கள் சுழியாகிவிடும். சுழிகளை எழுத இடம் வேண்டாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, சற்றே மாற்றிய கொசைன் மாற்றம்தான் எம்பி3க்குள்ளும் ஒலியை 576 அலைவரிசைக் கூறுகளாகப் பிரிக்கிறது. பாட்டும் அதன் அட்டைப்படமும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் சுருக்கியது ஒரே கணிதம். நிதி மறுக்கப்பட்ட ஒரு யோசனை இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் இந்த மூவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

ஜேபெக்கில் இரண்டு வகை உண்டு. வழக்கமான பேஸ்லைன் வகையில் படம் தறியில் துணி நெய்வதுபோல மேலிருந்து வரி வரியாக வளரும். பிளேயர் ஒரு வரிசைக் கட்டங்களை விரித்து, சுருக்கித் திரைக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தையே அடுத்த வரிசைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். 1,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 8 வரிக்கு 24,000 பைட் போதும். புரோகிரசிவ் வகையில் முதலில் முழுப் படமும் மங்கலாக வந்து, பிறகு சுற்றுச் சுற்றாகத் தெளிவடையும். மெதுவான இணையத்துக்கு ஏற்றது. ஆனால் கடைசிச் சுற்று வரும்வரை எல்லாக் கட்டங்களின் எண்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். 1,000க்கு 1,000 படம், மூன்று தளம், எண்ணுக்கு 2 பைட் என்றால் 60 லட்சம் பைட். நிறத்தளங்களை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கினாலும் 30 லட்சம். சின்ன பிளேயர்களிலும் கார் ஸ்டீரியோக்களிலும் படம் மட்டும் வராமல் கறுப்புச் சதுரமாக நிற்பதற்கு இது மிகப் பொதுவான காரணம். கணினியில் படம் அழகாகத் தெரியும்; யாருக்கும் சந்தேகம் வராது. இணையத்தில் எடுத்த அட்டையை ஏதேனும் ஒரு பட மென்பொருளில் திறந்து, 500க்கு 500 அளவில், புரோகிரசிவ் என்ற குறியை எடுத்துவிட்டுச் சேமித்தால் பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி சிங்க். பிளேயர் தன்னிடம் என்ன இருக்கிறது என்று காட்ட ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுவது யார் என்ற கேள்விக்கு மூன்று விதமான பதில்கள் வந்தன. பாட்டு ஏற்றும் அனுபவம் மொத்தமும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

முதல் வகையில் பிளேயர் கணினிக்கு ஒரு பென் டிரைவாகத் தெரியும். கோப்புகளை நீங்களே ஃபோல்டர்களில் போடலாம். கணினியும் பிளேயரும் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தில் எழுதினால் கோப்பு அட்டவணை சிதைந்துவிடும் என்பதால், கேபிள் செருகியிருக்கும்வரை பிளேயர் ஒதுங்கிக்கொள்ளும். கேபிளை எடுத்ததும் எல்லாக் கோப்புகளின் டேக்குகளையும் படித்துத் தன் பட்டியலைத் தானே எழுதும். படம் டேக்குக்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளும். சில பிளேயர்கள் ஃபோல்டரில் தனியாக வைத்த படத்தையும் தேடும். விண்டோஸ் மீடியா பிளேயர் ஒவ்வொரு ஆல்பத்திலும் ஃபோல்டர்.ஜேபிஜி என்ற பெயரில் 200க்கு 200 படத்தை மறைத்து வைத்தது இந்தப் பழக்கத்தில்தான். ராக்பாக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் கவர்.ஜேபிஜி என்ற பெயரைத் தேடும்.

இரண்டாவது எம்டிபி. மைக்ரோசாஃப்ட் உருவாக்கி 2008இல் யுஎஸ்பி அமைப்பின் தரநிலையானது. இதில் பிளேயர் தன் நினைவகத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. கணினி ‘இந்தப் பாட்டை வைத்துக்கொள், இது இந்த ஆல்பம், இது ஆல்பத்தின் படம்’ என்று கேட்டுக்கொள்ளும், எழுதுவது பிளேயரே. ஆல்பத்துக்கென்றே தனிப் பொருளும், அதில் படத்துக்கென்று ஒரு பண்பும் இந்தத் தரநிலையில் உண்டு.

மூன்றாவது ஐபாட் வழி. பட்டியல் முழுவதையும் கணினியே எழுதிப் பிளேயரில் வைக்கும். பாட்டுகள் எஃப்00, எஃப்01 என்ற ஃபோல்டர்களில் அர்த்தமற்ற நான்கெழுத்துப் பெயர்களோடு சிதறிக் கிடக்கும். எது எந்தப் பாட்டு என்பது ஐடியூன்ஸ்டிபி என்ற ஒரு கோப்பில். படங்களின் கணக்கு ஆர்ட்வொர்க்டிபி என்ற இன்னொன்றில். பிளேயர் எதையும் அலச வேண்டாம்; திறந்தவுடன் பட்டியல் தயார். அந்த வேகம்தான் ஐபாடின் மந்திரம். ஆனால் பட்டியல் கோப்பு சிதைந்தால் உள்ளே ஆயிரம் பாட்டு இருந்தும் திரையில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் காப்பாற்றியவை டேக்குகளே: சிதறிய கோப்புகளைக் கணினிக்கு எடுத்து, டேக்கைப் படித்துப் பெயர்களை மீட்க முடிந்தது. லிப்ஜிபாட் என்ற திறந்த மூல நிரலை எழுதியவர்கள் இந்தக் கோப்புகளின் அமைப்பைப் பைட் பைட்டாக ஆராய்ந்து, லினக்ஸிலிருந்தும் ஐபாடுக்குப் பாட்டும் படமும் ஏற வழி செய்தார்கள். 2007இல் வந்த ஐபாடுகள் பட்டியலில் ஒரு இரகசியச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டன. அது தவறினால் பிளேயர் காலி என்று காட்டும். சில நாட்களிலேயே அந்தக் கணக்கையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் காசில் வாங்கிய கருவியில் தன் பாட்டை எந்த மென்பொருளால் ஏற்றுவது என்பது வாங்கியவரின் உரிமை. அந்த நிரலாளர்களின் பக்கம்தான் நியாயம் இருந்தது.

எந்த வழியானாலும் இரண்டாம் முறை சிங்க் செய்யும்போது எது மாறியிருக்கிறது என்று கணினி தீர்மானிக்க வேண்டும். முழுக் கோப்பையும் ஒப்பிட்டால் பொழுது விடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் கோப்பின் அளவையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் மட்டும் பார்க்கும். இங்கே இரண்டு பொறிகள். பிளேயர்களின் நினைவகம் பெரும்பாலும் ஃபேட் முறையில் அமைந்தது. அதில் நேரம் 2 நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகும். கணினியில் 7ஆம் நொடி என்று இருப்பது பிளேயரில் 6 அல்லது 8 ஆகிவிடும். இதைக் கணக்கில் கொள்ளாத மென்பொருள் எதுவும் மாறாதபோதும் எல்லாப் பாட்டையும் மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது பொறி இதற்கு நேர் எதிர். ஐடி3 டேக் கோப்பின் தலையில் இருப்பதால், அதைப் பெரிதாக்க வேண்டுமானால் பின்னால் உள்ள ஒலி முழுவதையும் நகர்த்தி எழுத வேண்டும். அதைத் தவிர்க்க டேக்கின் முடிவில் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவைப்பார்கள். பழைய அட்டைக்குப் பதில் அதே அளவோ சிறியதோ ஆன புதிய அட்டையை வைத்தால் அது அந்த இடத்திலேயே அடங்கிவிடும். கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறாது. சில டேக் மென்பொருள்களில் ‘மாற்றிய நேரத்தைத் தொடாதே’ என்ற அமைப்பும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிங்க் மென்பொருளின் கண்ணுக்குக் கோப்பு மாறவே இல்லை. கணினியில் புதிய அட்டை, பிளேயரில் பழைய அட்டை, எத்தனை முறை சிங்க் செய்தாலும் அப்படியே. அந்த அமைப்பை அணைத்துவிட்டு டேக்கை இன்னொருமுறை சேமித்தால் படம் வந்து சேரும்.

தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு இதற்கு மேலும் சில தனித் தொல்லைகள் உண்டு. பிளேயர் திரையில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது யூடிஎஃப்-8 தமிழ். தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே; உயிர், மெய் எழுத்துகளுக்கு இரண்டாவது பைட்டும் ஒன்றே. அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்தாகப் படிக்கும் பிளேயருக்கு அந்த இரண்டு உருவங்கள்தான் திரும்பத் திரும்பத் தெரியும். டேக்கை இரண்டாம் ஐடி3இன் 2.3 பதிப்பில், யூடிஎஃப்-16இல் சேமித்தால் பெரும்பாலான பிளேயர்கள் சரியாகப் படிக்கும். எழுத்துரு இருந்தும் ‘தென்றல்’ என்பதில் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றால், குறியீடுகளை வரிசை மாற்றி அடுக்கத் தெரியாத பிளேயர் அது. அதற்குப் பயனர் கையில் மருந்து இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் அடையாளத்தில் இருக்கிறது. டேக்கை வடிவமைத்தவர்களின் மனதில் இருந்தது மேற்கத்திய ஆல்பம்: ஒரு கலைஞர், அவருடைய பத்துப் பாட்டு. நம் ஆல்பம் ஒரு படம். ஐந்து பாட்டை ஏழு பேர் பாடியிருப்பார்கள். கலைஞர் என்ற இடத்தில் பாடகர்களின் பெயரைப் போட்டதும் பிளேயர் அதை ஐந்து ஆல்பமாக உடைத்துவிடும். அட்டையும் ஐந்து முறை வந்து நிற்கும். ‘ஆல்பம் கலைஞர்’ என்ற தனிப் பகுதியில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் போடுவதுதான் வழி. ஒரே எழுத்துக்கூட்டல் என்பது முக்கியம். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஒரு எல் போட்டு எழுதுபவர்கள் உண்டு, இரண்டு போடுபவர்கள் உண்டு, இடையில் ஏ-யை இரட்டிப்பவர்கள் உண்டு. பிளேயருக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ‘பில்லா’ என்று 1980இல் ஒரு படம், எம். எஸ். விஸ்வநாதன் இசை. 2007இல் ஒரு படம், யுவன் சங்கர் ராஜா இசை. ஆல்பத்தின் பெயரை மட்டும் வைத்து அட்டைப்படத்தைச் சேமித்துக்கொள்ளும் பிளேயரில் இரண்டும் ஒரே ஆல்பமாகிவிடும். ரஜினி படப் பாட்டுக்கு அஜித் முகம் வரும், அல்லது நேர்மாறாக. ஆல்பத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்து ‘பில்லா 1980’ என்று எழுதுவதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. பாடலாசிரியருக்கு இருக்கும் தனிப் பகுதியையும் நிரப்பிவையுங்கள். எல்பியின் பின் அட்டையில் இருந்த அந்தப் பெயரைப் பல பிளேயர்கள் காட்டுவதில்லை. ஆனால் கோப்பில் இருந்தால்தான் காட்டத் தெரிந்த பிளேயர் ஒன்று வரும்போது அது வெளியே வரும். நம் பாட்டுகளில் பாதி உயிர் வரிகளில் இருக்கிறது.

பெயரை அடையாளமாக நம்பியதால் வந்த வினைக்கு ராபர்ட் கே 2000இல் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் நல்ல மாற்று. சிடிடிபியைப் போலவே தன்னார்வலர்கள் நிரப்பும் தகவல்தளம். ஆனால் ஒவ்வொரு கலைஞருக்கும், ஆல்பத்துக்கும், பதிவுக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஒரு நீண்ட எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண்ணை டேக்கில் எழுதிவிட்டால் இரண்டு ‘பில்லா’க்களும் கலக்க வழியில்லை, எத்தனை எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் இளையராஜா ஒருவரே. 2012 முதல் இன்டர்நெட் ஆர்க்கைவுடன் சேர்ந்து அட்டைப்படங்களுக்கும் ஒரு களஞ்சியம் நடத்துகிறார்கள். வீட்டில் பழைய தமிழ் எல்பியோ கேசட்டோ இருந்தால், முன் அட்டையையும் பின் அட்டையையும் ஸ்கேன் செய்து அங்கே நீங்களே ஏற்றலாம். மூலப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து 250, 500, 1,200 பிக்சல் அளவுகளில் சிறு படங்களைக் களஞ்சியமே செய்துகொள்ளும். பிளேயருக்கு 500 போதும்.